இரண்டு ரேடியோ, ஒரு ஆள்

கடலூர்
4.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அக்காவும் நீங்களும் நலம்தானே? போன் செய்தால் என்னைப் பேசவிடாமல் நீங்களே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம். உங்கள் ஹாம் ரேடியோவை ஒரு மாதம் எனக்குத் தர வேண்டும். மாதக் கடைசியில் நடக்கும், உலகெங்கும் அதிகம் பேரை ரேடியோவில் பிடித்துப் பேசும் போட்டியில் இரண்டு ரேடியோ வைத்துக்கொண்டு தனி ஆளாக இறங்கப்போகிறேன். இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று. ஒன்றில் கூப்பிட்டுக்கொண்டே இன்னொன்றில் ஆள் தேடலாம். நினைத்தாலே கை பரபரக்கிறது.

ஏழு வருடமாக நாம் ஜோடியாகத்தான் கலந்துகொண்டோம். உங்களுக்கு முன்பே லைசென்ஸும், அதோடு தரும் கால்சைன் என்ற அழைப்புப் பெயரும் வாங்கியவள் நான். ஆனாலும் கிளப்பில் சிலம்பரசன், "பாயின்ட் எல்லாம் உங்க மாமா எடுக்குறாரு, நீ பக்கத்துல ஒக்காந்து எழுதிக்கிற" என்கிறார். ஒரே ஒரு முறை என் கால்சைன் மட்டும் போட்டி முடிவுப் பட்டியலில் வர வேண்டும், மாமா.

அன்புடன்,
வினோதினி

சிதம்பரம்
8.11.2024

அன்பு வினோவுக்கு,

ரேடியோ வேண்டும், மாமா வேண்டாம். நல்ல மரியாதை. போகட்டும், நீ ஆசைப்பட்டு நான் எதை இல்லை என்றிருக்கிறேன்?

ஞாயிறன்று காரில் கொண்டுவருகிறேன். இரண்டு ஆண்டெனாவையும் மொட்டை மாடியில் எதிரெதிர் மூலையில் கட்டுவோம். பக்கத்தில் இருந்தால் ஒரு ரேடியோ பேசும்போது இன்னொன்றின் காது பொசுங்கிவிடும். நேற்றிலிருந்து நான் கேபிள் வெட்டுவதைப் பார்த்து உன் அக்கா, "ஒங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே கெடையாதா?" என்று சிரிக்கிறாள்.

போட்டியில் குறுக்கே வர மாட்டேன். சத்தியம்.

மாமா
சிவபிரசாத்

சிதம்பரம்
26.11.2024

அன்பு வினோ,

நேற்று போனில், "எண்ணூத்தி பன்னண்டு பேரு மாமா" என்று நீ சொன்னபோது எனக்கே குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் ஒன்றை மறைத்துவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிறு காலை அக்கா கொடுத்த இட்லியோடு வந்தேன் அல்லவா? நீ குளிக்கப் போனாய். சும்மா கேட்கத்தான் ஹெட்போனை மாட்டினேன். வலது காதில் ஃபிஜி தீவிலிருந்து ஒருவர் கூப்பிடுகிறார். ஏழு வருடமாக நமக்குக் கிடைக்காத ஃபிஜி. கை தானாகப் போய்விட்டது, உன் கால்சைனில் கூப்பிட்டுவிட்டேன். பதில் வந்தது, பதிவும் ஆகிவிட்டது.

தனி ஆள் பிரிவில் இன்னொருவர் கை படக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தப்பு செய்துவிட்டேன். பதிவில் அந்த ஒரு வரியை நீக்கிவிட்டுப் போட்டி நடத்துபவர்களுக்கு அனுப்பு. யாருக்கும் தெரியப்போவதில்லை.

மாமா

கடலூர்
28.11.2024

மாமா,

ஃபிஜியை எப்போது பிடித்தேன் என்று மூன்று நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். உங்கள் கடிதம் வந்ததும் அழுதேன். கோபம் இன்னும் போகவில்லை.

அந்த வரியை நீக்கலாம். நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்ததை எப்படி நீக்குவது? பதிவை இருவர் பிரிவில் அனுப்பிவிட்டேன். என் கால்சைனுக்குப் பக்கத்தில் உங்களுடையதும் இருக்கிறது. எண்ணூற்றுப் பதினொன்று என்னுடையது, ஒன்று உங்களுடையது. இதைக் கிளப்பில் எல்லோர் முன்னாலும் நீங்களே சொல்ல வேண்டும். சிலம்பரசன் இருக்கும்போது சொல்லுங்கள்.

பிப்ரவரியில் இன்னொரு போட்டி வருகிறது. இரண்டு ரேடியோவும் மேசையிலேயே இருக்கட்டும். அன்றைக்கு நீங்கள் சிதம்பரத்தைத் தாண்டக் கூடாது. இட்லியைப் பேருந்தில் கொடுத்தனுப்பினால் போதும்.

உங்கள் கொழுந்தியாள்,
வினோதினி