ஏழாம் மாதத்துக் கால்கள்

புரட்டாசி 9, வியாழன்

காலையில் தூறல். பிறகு சுள்ளென்று வெயில். நாற்றுக்கு இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது. அடுத்த வாரம் பறித்தாக வேண்டும்.

நேற்று நர்ஸம்மா சைக்கிளில் வந்தார். உடம்பில் என்ன மாறினாலும் எழுதி வை, வாயால் கேட்டால் பாதியை மறைக்கிறாய் என்றார். அஞ்சாம் வகுப்பு படித்தவளிடம். வேறு நோட்டு இல்லை. என் வீட்டுக்காரர் வாய்க்கால் தண்ணீர் முறை எழுதி வைத்த நோட்டு இது. முன்பக்கம் அவர் கையெழுத்து, ஆனி மாதத்தோடு நிற்கிறது. அந்த வாரம்தான் ஆற்றில் முதல் தண்ணீர் வந்தது. மடை திறக்கப் போனார், பாம்பு. பின்பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன்.

கால் வீக்கம். காலையில் கொஞ்சம், சாயங்காலம் அழுத்தினால் குழி.
தொப்புளுக்குக் கீழே கறுப்புக் கோடு. ஏர் கீறின மாதிரி.
மார்க்காம்பு கறுத்துவிட்டது. கழுத்தும்.
நெஞ்செரிச்சல். பல் தேய்த்தால் ரத்தம்.
ஒன்றுக்கு ஓயாமல்.
கோபம். இது உடம்பில் சேர்த்தியா என்று தெரியவில்லை.

புரட்டாசி 11, சனி

காரியக்காரர் வந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரர் மெட்ராசில், நான் முகம் பார்த்ததில்லை. எல்லாம் இவர்தான். வரப்பில் நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்மா கனகம், குத்தகை இருந்தது ஒன் புருஷன் பேர்ல. அவன் போயிட்டான். சொந்த உடலுழைப்பு இருந்தாத்தான் பாத்தியதைன்னு சட்டமே சொல்லுது. இந்த வயித்தை வச்சுக்கிட்டு நீ என்னத்த ஒழைப்பே?"

"அந்த நாத்தங்கால யாரு விட்டதுன்னு நெனக்கிறீங்க?"

"ஆள் வச்சு விட்டிருப்பே. சரி, போவுது. ஆம்பளப் புள்ளையா பொறக்கட்டும், ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாக்குறேன். அதுவரைக்கும் நெலத்தை விட்டுடு."

உள்ளே இருப்பது இன்னும் கண் திறக்கவில்லை. அதற்குள் அதன் பேரில் நிலமாம். உழைக்கிற எனக்குப் பேர் இல்லையாம்.

அத்தை, அதாவது என் மாமியார், பக்கத்தில்தான் இருந்தார். "அவரு சொல்றதும் நல்லதுக்குத்தானே. பேரன் பொறந்தான்னா..." என்று இழுத்தார்.

"பேத்தி பொறந்தா ஆத்துல விட்டுடுவோமா?" என்றேன்.

அதோடு பேச்சு நின்றது. சோறு மட்டும் போட்டார்.

ஆறு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டு. பதினான்கு வருஷம் அவர் உழுதது, அதில் எட்டு வருஷம் நானும். கரைவேட்டிக்காரர்கள் கடைத்தெருவில் மீட்டிங் போட்டு, குத்தகைக்காரன் பேரெல்லாம் இனி சர்க்கார் பதிவில் ஏறும், எவனும் வெளியேற்ற முடியாது என்றார்கள். குத்தகைக்காரன் செத்தால் அவன் பெண்டாட்டி என்ன ஆவாள் என்று நான் கூட்டத்தில் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அவர் உயிரோடு என் பக்கத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். கேட்கத் தோன்றவில்லை.

குத்தகைப் பதிவு இனி யார் பேரில் என்று புரட்டாசி 23 அன்று தாலுகா ஆபீசில் விசாரணை. நோட்டீசை மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'தன் உடலுழைப்பாலோ குடும்பத்தார் உடலுழைப்பாலோ.' உடல் என்றுதானே போட்டிருக்கிறது. இருக்கிறதே.

புரட்டாசி 13, திங்கள்

அண்ணன் கூத்தாநல்லூரிலிருந்து வந்தான். பேறுகாலத்துக்கு இப்போதே கூட்டிப்போக. போகவில்லை. போய்த் திரும்பினால் இங்கே வேறு எவனாவது நட்டு வைத்திருப்பான். பலகாரத்தை வைத்துவிட்டு முறைத்துக்கொண்டு போனான். அதிரசம் ஐந்து தின்றேன். நெஞ்செரிச்சல்.

அவர் சட்டை ஒன்று துவைக்காமல் வைத்திருந்தேன், மூன்று மாதமாக. வேர்வையும் புகையிலையும். இன்று முகர்ந்தேன், குமட்டிக்கொண்டு வந்தது. அவர் வாசனை என் உடம்புக்கு ஆகவில்லை. துவைத்துப் போட்டேன். கொடியில் காய்ந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை.

மத்தியானம் உப்பு டப்பா கவிழ்ந்தது. அதற்கு அழுதேன்.

வளைகாப்பு கிடையாது என்று அத்தை சுவரைப் பார்த்துச் சொன்னார். யார் கேட்டது?

புரட்டாசி 16, வியாழன்

நடவு ஆரம்பம். பன்னிரண்டு பெண்கள். வேதவல்லிதான் ஆள் சேர்த்தாள். காரியக்காரர் அவளிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார், அந்த வயலில் இறங்கினால் பண்ணை வேலை கிடையாது என்று. சரிங்க என்று சொல்லிவிட்டு நேரே இங்கே வந்துவிட்டாள்.

முதல் நாற்று வைக்கும்போது எல்லாரும் நின்றுவிட்டார்கள். வேதவல்லி இடுப்பில் கைவைத்துக்கொண்டு யோசித்தாள்.

"மாசமா இருக்கறவ வச்சா பயிர் நல்லா கட்டும்பாங்க. தாலியில்லாதவ வைக்கவே கூடாதும்பாங்க. ஒன்னைய எதுலடி சேக்குறது?"

"குனிய முடிஞ்சவங்கள்ல சேரு" என்றேன். குனிந்து வைத்தேன்.

 பிறகு எல்லாரும் குனிந்தார்கள்.

பின்னால் நகர்ந்து நடும்போது வயிறு முன்னே இழுக்கிறது. இரண்டு தடவை விழப் பார்த்தேன். குனிந்தால் உள்ளே உதை, நிமிர்ந்தால் சும்மா இருக்கிறது. வேதவல்லி சொன்னாள், "உள்ளாறயே நடவு கத்துக்கிட்டு வருதுடி. வெளிய வந்ததும் கூலி கேக்கும் பாரு." சிரித்தேன். சத்தமாக. அவர் போனபிறகு முதல் தடவை. வரப்பில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

புரட்டாசி 20, திங்கள்

மழை. நாலு மா முடிந்தது. மீதி இரண்டுக்குத் தண்ணீர் வடிய வேண்டும்.

இரண்டு காலிலும் சேற்றுப்புண். விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெந்து பிளந்திருக்கிறது. வீக்கத்தில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காற்றே புகவில்லை. வயிற்றுத் தோலிலும் அரிப்பு. எதைச் சொறிவது என்று தெரியவில்லை.

ஒரு காரியம் எழுதி வைக்கிறேன். இன்று காலை முழுக்க அவரை நினைக்கவில்லை. மத்தியானம்தான் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அவர் இருந்தால் மழையில் நின்ற பயிரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார், என்னையா நினைத்திருப்பார்? நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

புரட்டாசி 22, புதன்

நர்ஸம்மா வந்தார். இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார். "துடிப்பு குதிரை மாதிரி ஓடுது. நீதான் சோர்ந்து கெடக்கிற." புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து தீர்ந்துவிட்டதாம். சேற்றில் இறங்காதே என்றார். தலையாட்டினேன். பொய்த் தலையாட்டு என்று அவருக்கும் தெரியும்.

சாயங்காலம் அம்மியில் சத்தம். அத்தை மருதாணி அரைத்துக்கொண்டிருந்தார். பதினோரு நாளாகச் சரியாகப் பேசாதவர், என் எதிரில் வந்து உட்கார்ந்து என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அறுத்தவளுக்கு மருதாணியா அத்தை? நாளைக்கு ஆபீசுக்கு வேற போவணும். ஊரு பாக்கும்."

"புண்ணுக்கு வைக்கிறதுக்கு ஊரு என்னடி, பேரு என்ன? காலைக் காட்டு."

ஒவ்வொரு விரலாகப் பிரித்து இடுக்கில் அப்பினார். எரிந்தது, பிறகு குளிர்ந்தது. "அவனுக்கும் இப்படித்தான் வைப்பேன். நடவு மாசம் பூரா. பத்து வயசுலேருந்து" என்றார்.  அப்பி முடித்த பிறகும் என் காலைக் கீழே வைக்கவில்லை.

புரட்டாசி 23, வியாழன்

தாலுகா ஆபீஸ். பஸ்ஸில் நின்றுகொண்டே. அத்தையும் வந்தார்.

ஆபீசர் சின்ன வயசு. காரியக்காரர் நாற்காலியில். எனக்கு பெஞ்சு. நான் உள்ளே நுழைந்ததுமே காரியக்காரர் என் காலைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களே பாருங்க சார். தாலியறுத்து நாலு மாசம் ஆவல, கால்ல மருதாணி! வீட்டுல ஒக்காந்து சிங்காரிச்சுக்கிட்டு வருது. இது சேத்துல எறங்குற காலா சார்?"

அறை முழுக்க என் காலைப் பார்த்தது. வீங்கின கால், சிவந்த கால். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தான்தான் கெடுத்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்.

"இதுக்கு என்னம்மா சொல்றீங்க?" என்றார் ஆபீசர்.

எனக்குக் கூச்சம் வரவேண்டிய இடம். வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் நீட்டினேன். விரல்களைப் பிரித்தேன்.

"செவப்பு நகத்துல இருக்கா, விரல் இடுக்குல இருக்கா? கிட்ட வந்து பாருங்க சார்."

வாசலில் நின்ற பியூன்தான் முதலில் எட்டிப் பார்த்தார். "சேத்துப்புண்ணு சார். நடவுன்னா எங்க வீட்டுலயும் இதான் வைத்தியம். இவருக்குத் தெரியலையா?"

"அவருக்கு எப்படித் தெரியும்? ஐயா காலையும் ஒரு தடவை நீட்டச் சொல்லுங்க சார்" என்றேன்.

காரியக்காரர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். ஆபீசர் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

குமாஸ்தா கேட்டார்: "பேரு எப்படிப் போடறது சார்? பொறக்கப்போற கொழந்தைக்கு கார்டியன்னு போட்ருவோமா?"

"என் பேரு கனகம். சாகுபடி பண்றது கனகம். அதைப் போடுங்க" என்றேன்.

அத்தை வாயிலிருந்து முந்தானையை எடுத்தார். "அவ பேரையே போடுங்க சார். அவதான் நட்டா."

கைநாட்டு மையை நகர்த்தினார்கள். பேனா கேட்டு வாங்கினேன். விரலும் வீங்கியிருக்கிறது, பேனா நிற்கவில்லை. மெதுவாகப் போட்டேன். அதுவரைக்கும் அவர்கள் காத்திருந்தார்கள்.

உத்தரவு வீட்டுக்கு வருமாம். ஆபீஸ் வாசலில் காரியக்காரர், "பாத்துக்கலாம்" என்றார். "பாருங்க" என்றேன்.

புரட்டாசி 25, சனி

வெயில். தண்ணீர் வடிந்துவிட்டது. உத்தரவு வரவில்லை. மருதாணி கறுத்துவிட்டது, புண் பாதி ஆறியிருக்கிறது, வீக்கம் அப்படியே. மீதி இரண்டு மாவுக்கு நாற்று பறித்துப் போட்டாகிவிட்டது. அது உத்தரவுக்குக் காத்திருக்காது.

இந்த நோட்டை நர்ஸம்மாவிடம் காட்டப்போவதில்லை. வீக்கத்தை மட்டும் வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நிற்கிறார். பத்து வருஷமாகச் சேற்றில் கால் வைக்காதவர். காலில் விரல் இடுக்கெல்லாம் முன்கூட்டியே மருதாணி.

"எழுதுனது போதும் வாடி. நாத்து காயுது."