அக்கா பேரில் இருந்த காடு

மத்திகொப்பா, சாகரா
12 ஜூன் 2023

பிரியமுள்ள அக்காவுக்கு,

தம்பி மனோகர் எழுதறேன். நானும் மமதாவும் நல்லா இருக்கோம். நீ முட்டி வலிக்கு ஒழுங்கா மாத்திரை சாப்பிடுறியா? இல்ல, ஊரிகம் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தா எல்லாம் சரியாயிடும்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கியா?

போன்ல பேசலாம்தான். இங்க சிக்னலுக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் இறங்கணும், அங்க எப்பவும் பத்து பேர் நிப்பாங்க. இது நம்ம வீட்டு விஷயம்.

மைன் மூடினப்போ அப்பாவுக்கு வந்த பணத்துல நாம வாங்கின நிலத்துல, ஒரு ஏக்கர் வயல் என் பேர்ல இருக்கு. மேல இருக்கிற ரெண்டு ஏக்கர் காடு உன் பேர்ல. அந்தக் காட்டை எடுத்துட்டு பாக்கு வைக்கலாம்னு இருக்கேன். நாத்து நட வந்துட்டிருந்த பொண்ணுங்க எல்லாம் இப்போ பெங்களூர் கார்மெண்ட்ஸ்ல. ஆள் கிடைக்காம போன வருஷமே வயலை பாக்குத் தோட்டமா மாத்திட்டேன். அது மட்டும் பத்தாது.

மரம் வெட்ட அனுமதி கேட்கிற மனுவுல நிலத்துக்காரி நீ கையெழுத்துப் போடணும். மமதாவுக்கும் சம்மதம்தான்.

உன் தம்பி
மனோகர்


ஊரிகம், கே.ஜி.எஃப்.
26 ஜூன் 2023

அன்பு மனோ,

மாத்திரை சாப்பிடறேன். நடக்கவும் நடக்கறேன். பதினெட்டு வருஷம் விடியக்காலை ரயில்ல பெங்களூருக்கு ஓடின காலு, ரிட்டையர் ஆயிட்டேன்னு சொன்னா கேக்கல.

இங்க காத்து ஆரம்பிச்சிடுச்சு. மைன்ல தங்கம் பிரிச்சுட்டுக் கொட்டின சயனைடு மேட்டு மண்ணு ஜன்னலை சாத்தினாலும் சோத்துத் தட்டுல வந்து உக்காருது. பக்கத்து லைன் வீட்டு லவினா குழந்தைக்கு விடாம இருமல். அந்த ஜன்னலை சாத்தும்போதெல்லாம் நான் ஒண்ணு நினைச்சுக்குவேன். நமக்கு வேற ஒரு இடத்துல மரமா நிக்குது, அது என் பேர்ல இருக்குன்னு. அங்க நான் வந்தது நாலே தடவைதான். இருந்தாலும் நினைச்சுக்குவேன்.

உங்க வீட்டுக்குக் குடிக்கத் தண்ணி அந்தக் காட்டு ஊத்துல இருந்துதானே குழாய்ல வருது? அதை யோசிச்சியா? நீ சும்மா ஆசைக்கு மரம் வெட்டறவன் இல்ல. உண்மையில இன்னா விஷயம்னு எழுது. கையெழுத்தை அப்புறம் பாக்கலாம்.

அக்கா
பார்வதம்மா


மத்திகொப்பா
9 ஜூலை 2023

அக்கா,

உன்கிட்ட மறைக்க முடியாதுன்னு தெரிஞ்சும் மறைச்சேன்.

எல்லாம் என் பையன் பரத்துக்காகத்தான். அவன் பெங்களூர்ல குடோன்ல மூட்டை எண்ணற வேலைக்குப் போய் நாலு வருஷமாச்சு. ஒரு ரூம்ல ஆறு பேர். "மூணு ஏக்கர் பாக்கு இருந்தா நான் எதுக்குப்பா இங்க கிடக்கணும், ஊருக்கே வந்துடறேன்"ன்னு சொல்றான்.

மே மாசக் கடைசியில நான் ஏணியில இருந்து விழுந்தேன். உனக்குச் சொல்லல. மமதா ஒத்தை ஆளா என்னைச் சாக்குல படுக்க வெச்சு ரோடு வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போனா. ஆறு வாரமா இடுப்புல பெல்ட். ராத்திரி சோத்துக்கு அவ இன்னமும் மூணு பேருக்குத்தான் அரிசி அளக்கிறா. மிச்சத்தைக் காலையில நான் தின்னறேன்.

பையன் வீட்டுக்கு வரணும் அக்கா. வேற ஒண்ணும் இல்ல.

மனோகர்


ஊரிகம்
25 ஜூலை 2023

அன்பு மனோ,

இடுப்பு இப்போ எப்படி இருக்கு? விழுந்ததை எனக்குச் சொல்லாததுக்கு நேர்ல வந்து உன்னைத் திட்டணும்.

பையனுக்காகன்னு முதல் கடிதத்துலயே எழுதியிருந்தா நான் இவ்வளவு கேட்டிருக்க மாட்டேன். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன். ஆனா கீழ் ஏக்கருக்கு மட்டும்தான். ஊத்து இருக்கிற மேல் ஏக்கரைத் தொடாதே.

குழாய் போடறதுக்கு முன்னாடி நான் அங்க வந்தப்போ எல்லாம் மமதா காலையில குடத்தோட மேல போறதைப் பாத்திருக்கேன். என் பஸ் ஸ்டாண்டு கன்னடத்தை வெச்சுக்கிட்டு அவகிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினதில்ல. அவளுக்கும் சம்மதம்னு நீ எழுதினதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

பரத் வந்ததும் எழுது. அவனுக்குப் பங்காருபேட்டை மிக்சர் அனுப்பறேன்.

அக்கா


மத்திகொப்பா
3 நவம்பர் 2024

அக்கா,

ஒரு வருஷத்துக்கு மேல நான் எழுதல. பஸ் ஸ்டாப்புல போன்ல பேசினப்போ எல்லாம் நல்லாயிருக்குன்னு சொன்னேன். நல்லா இல்ல.

அனுமதி வந்து, போன பிப்ரவரியில மரம் வெட்டினோம். பரத் வந்தான். கன்னு நடற வரைக்கும், ரெண்டு மாசம், கூடவே இருந்தான். அப்புறம், காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகுமேப்பா, அது வரைக்கும் நான் இன்னா பண்றதுன்னு கேட்டான். வயல்ல இருக்கிற தோட்டத்தையும் சேர்த்து ஒரு காண்ட்ராக்டர்கிட்ட குத்தகைக்கு விட்டுட்டு பெங்களூருக்கே போயிட்டான்.

இந்த மழைக்கு வெட்டின சரிவு கரைஞ்சு ஊத்துக் குழாய் அடைச்சுக்கிச்சு. வர்ற தண்ணி செம்மண் கலர்ல இருக்கு. மமதா கோயில் கிணத்துல இருந்து சுமக்கிறா.

இன்னொண்ணு சொல்லணும். மமதாவுக்குச் சம்மதம்னு எழுதினது பொய். நான் அவளைக் கேட்கவே இல்ல. முதல் மரம் சாஞ்ச அன்னைக்கு அவ வாசல்ல வந்து நின்னு, "ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் வீட்ல வேலைப் பேச்சு மட்டும்தான்.

காண்ட்ராக்டர் மேல் ஏக்கரும் வேணுங்கிறானாம். பரத் மனு எழுதிக் கொடுத்துட்டுப் போயிருக்கான். உனக்கு அனுப்பச் சொன்னான். இதோட வெச்சிருக்கேன். நான் இன்னா பண்ணட்டும்?

மனோகர்


ஊரிகம்
18 நவம்பர் 2024

மனோ,

உன் கடிதத்தைப் படிச்சிட்டு ரெண்டு நாள் உன் மேல கோவமா இருந்தேன். மூணாம் நாள் என் மேலயே கோவம் வந்துச்சு. நீ கேட்கலன்னா நான் கேட்டிருக்கலாமே. அவளுக்குச் சம்மதம்னு நீ எழுதின பொய்யை நம்பினேனே தவிர, அவகிட்ட கேட்கல.

மனுவுல நான் கையெழுத்துப் போடல. டிசம்பர் முதல் வாரம் நான் அங்க வரேன். மேல் ஏக்கரை மமதா பேர்ல எழுதிக் கொடுக்கப் போறேன். உன் பேர்ல இல்ல, பரத் பேர்ல இல்ல. நான் தனியாவே வந்துடுவேன், நீ சாகரா ஸ்டேஷனுக்கு வந்தா போதும்.

நாளைக்கு அவ அதை வெட்டணும்னு சொன்னாலும் சரி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது அவ இஷ்டம். இந்தக் கடிதத்தை அவளுக்குக் கன்னடத்துல படிச்சுக் காட்டு. பொய்யைப் பத்தி எழுதியிருக்கிற இடத்தையும் விடாம படி.

கோவம் போயிடுச்சு. உடம்பைப் பாத்துக்கோ.

அக்கா


மத்திகொப்பா
17 ஜனவரி 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

மமதா பேர்ல பத்திரம் எழுதிக் கொடுத்துட்டு நீ ஊருக்குப் போனதுல இருந்து வீடு வெறிச்சுன்னு இருக்கு. ராத்திரியெல்லாம் நீயும் மமதாவும் பாதி கன்னடம் பாதி தமிழ்ல இன்னா பேசினீங்கன்னு எனக்கு இன்னும் தெரியல.

பொங்கலுக்கு பரத் வந்தான். மேல் ஏக்கரை வெட்டப் புது மனு எழுதிக் கொண்டாந்து அவங்கம்மா முன்னாடி வெச்சான். அவ கை துடைச்சிட்டு முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சா.

"தோட்டத்தை யாரு பாத்துப்பா?"

"காண்ட்ராக்டர்மா."

"நீ இருப்பியா?"

"ரெண்டு நாள் லீவுதாம்மா."

"அப்போ வேணாம்"னு மனுவை அவன் கையிலயே திருப்பிக் கொடுத்துட்டா. பரத் ராத்திரி சாப்பிடல. விடிஞ்சதும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிடுவான்னு நினைச்சேன். காலையில எழுந்து பாத்தா ரெண்டு பேரையும் காணோம், மண்வெட்டியையும் காணோம். மதியம் முழங்கால் வரைக்கும் சேறோட இறங்கி வந்தாங்க. ஊத்துல அடைஞ்ச மண்ணை அள்ளிப் போட்டிருக்காங்க. குழாயில தண்ணி வருது. கலங்கல்தான், ஆனா வருது.

அவன் நேத்து பெங்களூருக்குப் போயிட்டான். தீபாவளிக்கு வரேன்னு அவங்கம்மாகிட்ட சொல்லிட்டுப் போனான். என்கிட்ட ஒண்ணும் சொல்லல.

இந்தக் கவருக்குள்ள இன்னொரு கவர் ஒட்டி இருக்கும். மமதா உனக்கு எழுதினது. இன்னா எழுதியிருக்கேன்னு கேட்டேன். "அது எனக்கும் அக்காவுக்கும்"னுட்டா. ஒரு வருஷத்துல அவ என்னைப் பாத்துச் சிரிச்சது அப்பதான்.

உன் தம்பி
மனோகர்