பனை இல்லாத கல்வெட்டு

கெப்பாலா பத்தாஸ்
2.11.1942

அருமை மருமகள் கமலாம்பிகைக்கு, மரவள்ளிக்கிழங்குச் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய விநாசித்தம்பி எழுதுவது.

நலம். ஜப்பான்காரர் கணக்கில் இது 2602ஆம் ஆண்டாம். படுத்து எழும்புவதற்குள் எனக்கு அறுநூற்று அறுபது வயது கூடிவிட்டது. இங்கே கிழங்கு ஒவ்வொன்றும் யானைத் தந்தம்; ஒன்றைப் பிடுங்க ஊரே திரள வேண்டும்.

உன் புருஷன் தியாகராஜா போய் ஓராண்டு நிறைய வரும் ஆட்டைத் திவசத்தில், நம்மவர் வழக்கப்படி வாசிக்கும் இரங்கற்பாவை, கல்வெட்டை, எழுதி முடித்தேன். முறைப்படி ஊர்ச்சிறப்பில் தொடக்கம்: யாழ்ப்பாணத்துப் பனங்கூடல், வயல், கோயில் மணி. பிறகு போர். வானத்துக் கழுகுகள் ஒன்பது கோடி. அவன் மார்பு காட்டி நிற்க, அவை நாணிப் பறந்தன. இரத்தம் பினாங்கு மலையுச்சியைத் தொட்டது. கேட்டு அழாதவர் கல்.

தபாலை நம்பவில்லை. சாப்பாட்டுக் கடை நூர் முகம்மதுவின் ஆளிடம் கொடுத்திருக்கிறேன்.

அம்மான்

சூலியா தெரு
9.11.1942

அன்புள்ள அம்மானுக்கு,

வாசித்தேன், அழவில்லை. கல்லென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் இங்கே பிறந்தவர். பனையைப் படத்திலாவது பார்த்தாரோ தெரியாது. மார்பு காட்டவுமில்லை. குண்டு போட வந்த ஜப்பான் விமானத்தை வெள்ளைக்காரனுடையதென்று நம்பித் தெருவே வேடிக்கை பார்த்தது; அவரும் கைதட்டினார். இரத்தம் மலையைத் தொடவில்லை. கடைவாசலைத் தொட்டது.

எல்லாரையும் ஒரே குழியில் போட்டார்கள். எங்கேயென்று எவரும் சொல்லவில்லை. மகள் பேசத் தொடங்கிவிட்டாள், அப்பா எங்கே என்று கேட்கிறாள். கைநீட்டிக் காட்ட எனக்கோர் இடம் வேண்டும். உங்கள் பாட்டில் தேடினேன், யாழ்ப்பாணம்தான் கிடைத்தது. மாற்ற மாட்டீர்களென்றால் கல்வெட்டே வேண்டாம்.

கமலாம்பிகை

கெப்பாலா பத்தாஸ்
24.11.1942

கல்மனத்து மருமகளுக்கு,

ஈப்போவில் பிறந்தவன், இரங்கூனில் செத்தவன், எல்லாரையும் நான் அதே பனங்கூடலில்தான் பிறப்பித்தேன். ஒருவரும் முறையிட்டதில்லை, இறந்தவர்கள் பெருந்தன்மையானவர்கள். முதல் வழக்கு உன்னுடையது.

கோபத்தில் ஏழு கடல் தாண்டினேன். அதாவது, சம்பான் படகில் பினாங்குக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வர முகமில்லை. நேரே நூர் முகம்மதுவின் கடைக்குப் போனேன். அடுப்பை விட்டு வந்தவர், கடைமுன் அஞ்சடி நடைபாதையில் இரண்டாம் தூணைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கனதான் அண்ணே. கையில கோப்பி இருந்துச்சு. கைதட்டுறதுக்காகக் குனிஞ்சு கீழ வச்சாருலா, சிந்தாம."

அங்கேயே நின்று அண்ணாந்து பார்த்தேன். இரண்டு கூரைக்கு நடுவே துண்டு வானம். அதில் ஒன்பது கோடிக் கழுகு அடங்காது, பிள்ளை. ஒரு விமானமே அதிகம்.

சூலியா தெருவில் நூர்கடை முன்னே
இரண்டாம் தூணில் தோளினைச் சாய்த்துக்
கோப்பியைச் சிந்தாது கீழே வைத்து
வானம் பார்த்துக் கைதட்டி நின்றான்
தியாக ராஜன், நின்ற இடமிது.

கைதட்டலை எடுத்துவிடப் பார்த்தேன். எடுத்தால் அவன் அங்கே நிற்கவில்லை. மெதுவாக வாசி, ஜப்பான்காரன் காதில் விழுந்தால் என் தலை தனியே ஊர் திரும்பும்.

அம்மான்

சூலியா தெரு
1.12.1942

அன்புள்ள அம்மானுக்கு,

திவசம் நேற்று முடிந்தது. வீட்டில் வாசிக்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு தூணடிக்குப் போய், தாழ்ந்த குரலில் சொன்னேன். பிறகு அழுதேன்.

எதிர்வீட்டு ஹபீபா பீவி கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். என் கையைப் பிடித்துத் தெருக்கோடிக்கு இழுத்துப் போனார். "எம்மவன் இந்தக் குழாயடியில நின்னான். இதையும் எழுதச் சொல்லும்மா."

இன்று காலையில் இன்னும் இருவர் வந்தார்கள். ஆளுக்கோர் இடம் காட்டுகிறார்கள். நேரில் பாராமல் நீங்கள் எழுத முடியாது. இம்முறை வீட்டுக்கே வாருங்கள்.

கமலாம்பிகை