கீழே கயிறு பிடிப்பது மாப்பிள்ளையாமே

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அவருக்கு முழங்கால் வலி, எனக்குப் போன வாரத்திலிருந்து நெஞ்சுப் படபடப்பு, மற்றபடி குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக, இரண்டு காலும் தரையில் பட்டபடி, இருக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் அழுதால் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியாதா. காகிதத்தை அப்படி வைக்க முடியாது. எழுதி முடித்ததும் அப்பா இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவார். நான் படித்த படிப்புக்கு எழுத்து கோழி கிளறினது போலத்தான் இருக்கும், பொறுமையாகப் படி, நடுவில் ஒரு வரியும் தாண்டாதே.

போன வாரம் நான் கூப்பிட்டபோது குட்டிதான் போனை எடுத்தாள். அம்மா எங்கடி என்றேன். அம்மா மரத்து மேல இருக்காங்க பாட்டி என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்து, உங்க அம்மா என்ன குரங்கா என்று கேட்டுச் சிரித்தேன். இல்ல பாட்டி, நிஜமா, இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு மேல ஏறி மெஷின் ரம்பத்தால கிளையை வெட்டுவாங்க, அப்பா கீழ நின்னு கயிறு பிடிப்பாங்க, அடுத்து எங்க ஸ்கூலை விட உசரமான மரம் ஒண்ணு வெட்டப் போறாங்க என்று அந்தப் பிள்ளை கடகடவென்று சொல்லிக்கொண்டே போகிறாள், எனக்குக் கையில் இருந்த கரண்டி நழுவிவிட்டது. தோட்டக் கம்பெனியில் வேலை என்றாயே. நான் நீ குழாயைப் பிடித்துக்கொண்டு பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிறாய் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டுக்காரியிடம் என் மகள் செடிகொடிக்கெல்லாம் அதிகாரி என்று வேறு அளந்து வைத்திருக்கிறேன். உன் அப்பாவைக் குடைந்ததில் மீதியும் வந்தது. அவருக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியுமாம். வீடு வீடாகப் போய்த் தோட்டத்து மரங்களைக் கழித்துவிடுகிற வேலையாம், கூரைமேல் சாய்கிற கிளை, கரண்டுக் கம்பியில் உரசுகிற கிளை எல்லாம் நீதான் ஏறி அறுப்பாயாம். உன்கிட்ட சொன்னா நீ தூங்கமாட்டே, என்னையும் தூங்கவிடமாட்டே, அதான் சொல்லல என்கிறார். இந்தக் கணக்கை அவரோடு தனியாகத் தீர்த்துக்கொள்கிறேன். இதைப் படம் பிடிக்கும்போது அவரும் படிப்பார், படிக்கட்டும்.

அன்றிலிருந்து வாசலில் யாராவது செருப்பைத் தொப்பென்று போட்டால் கூட எனக்கு நீ விழுந்தது போல இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ ஏறுவது மட்டும் என்றால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு இருந்திருப்பேன். நீ கதவைப் பூட்டிவிட்டு மூன்றடி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள், உன் முடிச்சு அவிழாது. என் பயம் உன்மேல் இல்லை, உனக்குக் கீழே நிற்கிறவர்மேல். இத்தனை நாள் உனக்குக் கயிறு பிடித்த பெரியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், மாப்பிள்ளையின் ஆபீஸையும் மூடிவிட்டார்கள், சரி வெளியாள் எதற்கு என்று அவரையே கீழே நிறுத்திக்கொண்டாய் என்று அப்பா சொன்னார். அடி பெண்ணே, யாரை நிறுத்தியிருக்கிறாய் என்று தெரிந்துதான் நிறுத்தினாயா. என்னை பஸ் நிலையத்தில் இருந்து அழைத்துவர வந்த மனுஷன் என் பையை வாங்கிக்கொண்டு, வழியில் காய்கறியும் வாங்கிக்கொண்டு, என்னை அங்கேயே விட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தவர். நான் மழையில் கூரைக்கு அடியில் நின்றிருந்தேன். அன்று அவர் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை, மேல் பொத்தான் இல்லை. நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. குட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடைக்குக் கூட்டிப்போய் ரொட்டியோடு மட்டும் திரும்பி வந்தாரே, கடைக்காரம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாளே, அதையும் மறந்துவிட்டாயா. என் அடிகனமான பாத்திரத்தில் பாலை வைத்துவிட்டுப் பேப்பர் படித்ததில் அது கருகிப்போய் இன்னும் அந்த வட்டம் போகவில்லை. கையில் இருக்கிற பிள்ளையையே மறக்கிறவர் கையில் கயிறா.

கயிறு பிடிக்கிறவர் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு உட்கார முடியவில்லை. நம் கொல்லை மரத்திலும் ஒரு கிளை தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்துகொண்டு இருந்தது, அதைச் சாக்காக வைத்து மரம் கழிக்கிறவரைக் கூப்பிடச் சொன்னேன். யார் தெரியுமா, அந்த மொட்டைக்காரர்தான். நம் கொய்யா மரத்தைக் கழிக்கச் சொன்னதற்கு உச்சிவரை மொட்டை அடித்துவிட்டுப் போய், அப்புறம் அது துடைப்பம் மாதிரி குச்சி குச்சியாகத் துளிர்த்து ஒரு காய் காய்க்கவில்லையே, அவரேதான். இனி இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று சொன்ன வாயாலேயே வாங்க என்று கூப்பிட்டேன், உனக்காக. அவர் பல்லைக் காட்டிக்கொண்டு, என்னம்மா கோபமெல்லாம் போயிடுச்சா என்றார். அது எங்கயும் போகல, பத்திரமா இருக்கு, நீங்க கிளையைப் பாருங்க என்றேன்.

அவர் மேலே, அவருடைய மச்சான் கீழே. நான் மச்சானை விட்டு நகரவில்லை. ஏறுகிறவர் கயிறு வேறு, கிளையின் கயிறு வேறு என்று அவர்தான் காட்டினார். கிளையைக் கட்டின கயிறு மேலே கிளை இரண்டாகப் பிரிகிற கவையில் மாட்டி இறங்கி வருகிறது, அடிமரத்தில் ஒன்றிரண்டு சுற்று, அப்புறம் கீழே நிற்கிறவர் கைக்கு. கிளை அறுபட்டதும் மேலே இருந்து விடு என்று குரல் வரும், இவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிட வேண்டும், கிளை பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போல இறங்க வேண்டும். அவ்வளவுதானா, நானும் ஒரு தடவை பிடித்துப் பார்க்கிறேன் என்றேன். மொட்டைக்காரர் மேலே இருந்தே, அம்மா அது துணி காயப்போடுற கயிறு இல்ல, தள்ளி நில்லுங்க என்று கத்தினார். நான் விடவில்லை. கடைசியில், சரி இந்தச் சின்னது ஒண்ணு மட்டும், டேய் நீ பின்னாலயே நில்லு என்று ஒத்துக்கொண்டார். என் கை கனம் இருக்கும் அந்தக் கிளை. அறுபட்டு அது சாய்ந்ததைப் பார்த்தேன், என் கண்ணுக்கு மரத்துமேல் அவர் இல்லை, நீ இருந்தாய். விடுங்க என்றார். என் கை மூடிக்கொண்டது. கிளை பாதியில் வெடுக்கென்று நின்று, காற்றில் அடிக்கிற கதவு போலச் சுழன்று வந்து அவர் காலுக்குப் பக்கத்தில் மரத்தில் மோதியது. மரமே குலுங்கியது, அதோடு அவரும் ஆடினார். விடுங்கம்மா, விடுங்க, விட்டுத் தொலைங்க என்று கத்துகிறார், எனக்குக் காது கேட்கிறது, கை கேட்கவில்லை. மச்சான்தான் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

கீழே இறங்கி வந்தவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டு, பெரிய கிளையா இருந்தா என் இடுப்பு உடைஞ்சிருக்கும்மா என்றார். கவனம் இல்லாதவன் கூட ஒரு சத்தம் போட்டா முழிச்சுக்குவான், பயந்தவன் கை இருக்கே, கத்தக் கத்த இறுகும், அவனைத்தான் நான் கிட்ட சேர்க்கமாட்டேன் என்றார். நான் இன்னொரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த மொட்டைக்காரருக்கு நான் உபசாரம் செய்ததை உன் அப்பா அதிசயமாகப் பார்த்தார்.

மறுநாள் மாப்பிள்ளைக்கு நானே போன் போட்டேன். கல்யாணம் ஆனதில் இருந்து நானாக அவரைக் கூப்பிட்டது கிடையாது, எடுத்ததும் அவர் பயந்துபோய் யாருக்கு என்ன ஆச்சு அத்தை என்றார். என் மகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் கூப்பிட்டேன் என்று நீலச் சட்டையில் தொடங்கி ரொட்டி, பால் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார், அதைச் சொல்ல வேண்டும். அப்புறம், வீட்ல நான் எதை வேணா மறப்பேன் அத்தை, அவ மேல இருக்கறப்ப கண்ணைக்கூட சிமிட்டமாட்டேன், மறக்கவே மாட்டேன் என்றார். அந்தக் குரல் பொய் இல்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அதோடு போனை வைத்திருக்கலாம். அவர்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலே பேசினார். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன அத்தை, எனக்குப் பயமா இருக்கு. அவ ரம்பத்தை ஸ்டார்ட் பண்ணினாலே கை தானா கயிறை இறுக்கிப் பிடிச்சுக்குது, போன வாரம் அவ விடு விடுன்னு கத்தினா, எனக்கு விட வரல. அவகிட்ட சொல்லிடாதீங்க, நான் எதுக்குமே லாயக்கில்லன்னு நினைச்சுடுவா என்றார். சரி மாப்பிள்ளை, சொல்லவில்லை என்றேன். போனை வைத்ததும் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாக நான் அவர் மறதிக்குப் பயந்தேன். இப்போது தெரிகிறது, உன் தலைக்குமேல் தொங்குவது அது இல்லை, நான் என் கையில் பார்த்தேனே, அந்தப் பயந்த பிடிதான்.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இதோ எழுதிவிட்டேன். கயிற்றில் இருப்பவள் நீ, உனக்குத் தெரிய வேண்டும். போன வாரம் அவர் விடாதபோது வேறெங்கோ பராக்குப் பார்த்தார் என்று நினைத்து நீ திட்டியிருப்பாய். இல்லை, உன்னைத் தவிர வேறு எதையும் பார்க்காததால் வந்த வினை. இனிமேல் ஏறவே ஏறாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுதினால் மட்டும் கேட்கப் போகிறாயா. அதனால் கேட்கக்கூடியதைச் சொல்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தை விட உயரமான மரத்துக்கு மாப்பிள்ளையைக் கயிறு பிடிக்க நிறுத்தாதே. பழைய பெரியவரின் கையைப் பிடித்தாவது, காலைப் பிடித்தாவது ஒரு நாள் கூட்டிவா. மாப்பிள்ளை விழுந்த கிளையை இழுத்துப் போடட்டும். அப்புறம் அவரைப் பழக்கு. மரத்தில் யாரும் இல்லாமல், நீ அவர் பக்கத்தில் தரையில் நின்றுகொண்டு, வெறும் மரக்கட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, விடு என்று சொல், விடட்டும். மறுபடி சொல், மறுபடி விடட்டும். நான் மொட்டைக்காரரைக் கெஞ்சி இன்னொரு நாள் வரச்சொல்லி, ஒரு வாளியில் செங்கல்லைப் போட்டுத் தொங்கவிட்டு அப்படித்தான் பழகினேன், பக்கத்து வீட்டுக்காரி சுவர்மேல் எட்டிப் பார்த்து, அக்கா கிணறு வெட்டப் போறீங்களா என்று கேலி பேசினாள், பேசட்டும். பயம் போகவில்லை. ஆனால் கை சொன்னபடி கேட்டது. எனக்கே வந்தது என்றால் அவருக்கு வராதா.

நீ நல்லா இருக்க வேண்டும், உன் கைகாலுக்கு ஒரு கீறல் வரக்கூடாது, குட்டி உன் மடியில் வளர வேண்டும், மாப்பிள்ளைக்கும் சீக்கிரம் ஒரு நல்ல வேலை கிடைக்க வேண்டும். இதற்குப் பதில் போடும்போது சரிம்மா என்று மட்டும் போடாதே, அந்த மரத்துக்குக் கீழே நிற்கப் போவது யார் என்று ஆளைச் சொல். யார் சொன்னது என்று மாப்பிள்ளை கேட்பார், மறைக்காதே, அம்மாதான் என்று சொல். அவர் என்னிடம் மனசுவிட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை, இனிமேல் பேசமாட்டார், எனக்குத் தெரியும். பரவாயில்லை, நீ இறங்கி வந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் பதில் வரும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா