கம்பிக்குக் கீழே தாய்வீடு

எங்களை அதட்டியே வளர்த்த செல்ல அம்மாவுக்கு,

நம் ரோசிக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. நீ இருந்திருந்தால் இந்நேரம் எண்ணூரில் ஒரு வீடு விடாமல் சொல்லியிருப்பாய். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "தலைப் பிரசவம் ஆச்சே, எங்க பாக்குறீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாளாகப் பதில் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன்.

தலைப் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பாய். தாய் போய்விட்ட வீட்டைத் தாய்வீடு என்று சொல்லலாமா, அம்மா? சொல்லலாம் என்று நானே முடிவு செய்து, உன் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டேன். தங்கச்சி வரப்போகிறாள் என்ற குஷியில் பாத்ரூம் தரையைக்கூட ஆள் வைத்துச் சொரசொரப்பாக்கினேன், அவள் வழுக்கி விழக்கூடாதென்று.

அப்போதுதான் அவள் மாமியார் குறுக்கே நின்றார். பிலோமினா அத்தையை உனக்குத் தெரியும், நல்ல மனுஷி. மணலியிலிருந்து ஆட்டோவில் ரோசியோடு வந்து இறங்கினார், கையில் ஒரு பழைய டியூப்லைட். நேராக நம் கொல்லைப்புறத்துக்குப் போய், மேலே ஓடும் உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே நின்றுகொண்டார். இருட்டுகிற நேரம். டியூப்லைட்டைத் தூக்கிப் பிடித்தார். எந்த ஒயரும் இல்லாமல் அது மங்கலாக எரிந்தது.

அத்தை சிலுவை போட்டுக்கொண்டார். "பாத்தியா ஆக்னஸு? போன்ல வந்த வீடியோவ நான் பொய்யின்னு நெனச்சேன். கைல கீற லைட்டே எரியுது, வயித்துல கீற புள்ளைக்கு இன்னா ஆவும்?"

ரோசி பின்வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நீதான் கரண்ட்டு, அணு எல்லாம் படிச்சிகினு கீற. ஒண்ணும் ஆவாதுன்னு மாதா மேல கைய வெச்சி சொல்லு. நாளைக்கே அனுப்புறேன்" என்றார் அத்தை.

யாரிடம் எதைக் கேட்கிறார் பார்த்தாயா! நான் என்ன படிக்கிறேன் என்று கேட்பவர்களிடம், "எம்பொண்ணு கலருக்குக் கரண்ட்டு வெச்சிப் பிரிக்குது" என்று நீ சொல்வாய். எனக்குச் சிரிப்பாக வரும். ஆனால் அதில் தப்பே இல்லை. சூடேறிய வாயு விடும் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் மெல்லிய வண்ணக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதனதன் இடத்தில் அதனதன் கோடு. அந்த வாயுவைப் பலமான மின்புலத்தில் வைத்தால் கோடு இடம் நகரும், சிலது இரண்டாக, நான்காகப் பிளக்கும். வெளியே இருக்கும் மின்சாரம் அணுவுக்குள் கை வைக்கிறது என்று அதற்கு அர்த்தம். கல்லூரி ஆய்வகத்தில் நாள் முழுக்க நான் பார்ப்பது அதைத்தான். அப்படிப்பட்டவள் எந்த வாயால் 'மின்புலம் எதையும் செய்யாது' என்று சொல்வது?

பையில் வெளிச்சத்தைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் என் கைக்கருவி இருந்தது. அத்தையை அசையாமல் பிடிக்கச் சொல்லி, அந்த மங்கல் வெளிச்சத்தை அதன் வழியாகப் பார்த்தேன். டியூப்லைட்டுக்குள் இருப்பது கொஞ்சம் பாதரச ஆவி. அதன் பச்சைக் கோடு ஒற்றைக் கோடாக, எப்போதும் இருக்கும் இடத்திலேயே இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. "அத்தை, குழாய்க்குள்ள காத்து ரொம்பக் கம்மி. அதுல எலெக்ட்ரான் தடையில்லாம ஓடிப்போய் முட்டுது, அதனால எரியுது. அணு மாறல, கோடு அப்படியே கீது. நம்ம உடம்புக்குள்ள அது மாதிரி ஓட எடமே இல்ல" என்றேன்.

"உன் கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?"

என் ஆய்வு வழிகாட்டி கேட்கும் அதே கேள்வி, அம்மா. அத்தை கேட்டது நியாயம்தான். கோடு நகர்ந்திருக்கும். என் கருவியால் ஒருநாளும் பிடிக்க முடியாத அளவுக்குத் துளியூண்டு நகர்ந்திருக்கும். அதைச் சொன்னால் ரோசி இன்னும் மிரளுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன். டியூப்லைட்டோடு ரோசியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அத்தை கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோடு பிளப்பதற்கு ஆய்வகத்தில் நாங்கள் வைக்கும் மின்புலம், கம்பிக்குக் கீழே இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். இருக்கிற கொஞ்சமும் உடம்புக்குள் போகும்போது லட்சக்கணக்கான மடங்கு குறைந்துவிடும். திரும்பப் போட்டாலும் அதே விடைதான். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ஆபத்துன்னு நிரூபணம் எதுவும் இல்லம்மா" என்றார். 'ஆபத்து இல்லை' என்று ஏன் சொல்லவில்லை? 'நிரூபணம் இல்லை' என்று ஏன் சொன்னார்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையைப் போட்டுக் குடைந்துகொண்டே வந்தேன்.

இன்னொன்றும் என்னை அரித்தது. ரோசிக்கு நல்லது என்றுதான் அவளை இங்கே கூப்பிடுகிறேனா? இல்லை, ஒற்றை ஆளுக்குச் சோறு வடித்து டிவியோடு பேசிக்கொண்டிருக்கிறேனே, அதற்காகவா? உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. இரண்டும்தான் அம்மா.

போன சனிக்கிழமை மணலிக்குப் போனேன். தெருமுனை வரை டேங்கர் லாரிகள் நின்றன. அத்தை வீட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்ததும் எண்ணெய் ஆலைப் புகையில் கண் எரிந்தது. 'உங்க வீட்டுக் காத்துக்கு எந்த லைட்டைப் பிடிச்சிப் பாத்தீங்க அத்தை?' என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். ரோசியின் முகத்தைப் பார்த்ததும் டீயோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டேன்.

"அத்தை, அணுவுக்கு ஒண்ணும் ஆவாது. அத மாதா மேல கைய வெச்சி சொல்லுவேன். ஆனா நான் படிச்சது அணுவத்தான், புள்ளைங்கள இல்ல. டாக்டரும் ஆபத்துன்னு நிரூபணம் இல்லன்னுதான் சொல்றாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரியும்னு பொய் சொல்ல மாட்டேன்."

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "உனக்கு பயமா கீதா?"

"கீது அத்தை. ரொம்ப கீது."

ரோசி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"உங்கம்மாவுக்கு அந்த பயம் இல்லாமதான் போச்சு" என்றார் அத்தை. "நெஞ்சு வலின்னு வாயத் தொறந்து சொல்லாம, கேஸு கேஸுன்னு சோடாவக் குடிச்சிட்டுப் படுத்தாங்க. ஏந்திருக்கவே இல்ல. உன் கணக்கு எனக்குப் புரியலம்மா. பயப்படறவகிட்ட புள்ளைய வுடலாம். கூட்டிகினு போ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே, அவர்கள் கூடத்தில், ஆட்டோ வரும்வரை அழுதேன்.

ரோசி இப்போது உன் கட்டிலில் படுத்துத் தூங்குகிறாள். மதியம் தூறியதால் கம்பி கொர்ரென்று இரைகிறது. அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். உனக்கு நிஜமாகவே பயமே கிடையாதா, அம்மா? இல்லை, இரண்டு பொம்பளைப் பிள்ளைகள் பயந்துவிடக்கூடாது என்று எங்களிடம் மறைத்தாயா? அன்றைக்கு உனக்கு எவ்வளவு வலித்தது?

அவள் உன்னையே உரித்துவைத்திருக்கிறாள். நேற்று படியேறும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னடி என்றால், "ஒண்ணும் இல்லக்கா, சும்மா" என்கிறாள். இனி இந்த வீட்டில் அந்தப் பேச்சு செல்லாது. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அம்மா, அவள் 'ஒண்ணும் இல்ல' என்று சொன்ன அடுத்த நிமிஷம் வாசலில் ஆட்டோ நிற்கும். ஆஸ்பத்திரியில் என்னைப் பைத்தியம் என்று திருப்பி அனுப்பினால், மறுநாளும் போவேன்.

பயத்தோடும் முத்தத்தோடும்,
உன் மூத்தவள், ரோசிக்கு இனி அம்மாவும் ஆனவள்,
ஆக்னஸ்