சிவப்பு தெரியாதவனின் விளக்கு

செப்டம்பர் 12, வியாழன்

நாளை மறுநாள் வில் வேட்டை தொடங்குகிறது. சமையலறை மேஜையில் மூன்று விளக்குகள்: நெற்றியில் கட்டும் வெள்ளை விளக்கு, பச்சை வெளிச்ச டார்ச், என் மனைவி மார்லிஸின் அண்ணன் லைல் கொண்டுவந்து வைத்த காஸ் விளக்கு. "அடிபட்ட மானைத் தேட இத விட்டா வேற கிடையாது மச்சான். ரத்தம் செக்கச்செவேல்னு எரியும்" என்றான்.

யார் கண்ணுக்கு எரியும்? எனக்குச் சிவப்பும் பழுப்பும் ஒன்றுதான். இது மார்லிஸுக்கு மட்டும் தெரியும். லைலிடம் சொல்ல வாய் வரவில்லை.

போன வருஷம் ஒரு பெண்மானை அடித்துவிட்டு, தனியாகத் தேடப் போய், மேப்பிள் இலைகளில் இருந்த புள்ளிகளை ரத்தம் என்று நம்பி மேடேறினேன். மான் எதிர்ப்பக்கச் சதுப்பில் கிடந்தது. நாலு நாள் கழித்துக் காக்கைகள் காட்டிக்கொடுத்தன. இன்னொன்று அப்படி வீணாகிச் செத்தால் வில்லைத் தொடமாட்டேன். சத்தியம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கசாப்புக் கடை ஈரலின் ரத்தத்தை மார்லிஸ் கொட்டகைக்குப் பின்னால் பன்னிரண்டு இடத்தில் சொட்டவிட்டு வந்தாள். இருட்டியதும் தேடினேன். வெள்ளை விளக்கில் இரண்டு. காஸ் விளக்கில் மூன்று. "ஐயோ கார்ல், ஒன்னு உன் பூட்ஸுக்கு அடியிலயே இருக்கு!" என்று சிரித்தாள்.

பச்சை டார்ச்சைப் போட்டேன். மஞ்சள் இலைகள் வெளிறிப்போக, மேலே ரத்தம் மை சிந்தினாற்போல் கருப்பாக— ஒன்பது! கத்தியே விட்டேன்.

அக்டோபர் 3

மழை. மான் வரவில்லை. உள்ளுக்குள் நிம்மதி. பயந்தாங்கொள்ளிப் பயல் நான்.

அக்டோபர் 13, ஞாயிறு, விடியற்காலை

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நேற்று மாலை ஆறு மணிக்கு ஒரு பெண்மானை அடித்தேன். அம்பு ஈரலில் பட்டிருக்கும். உடனே துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு மணி நேரமாவது விட வேண்டும். நள்ளிரவில் மழை என்றது வானொலி. மழை வந்தால் தடம் போச்சு. இருட்டில் வில் கூடாது என்பது சட்டம்; அதை வீட்டில் வைத்துவிட்டு, பத்து மணிக்கு லைலோடு இறங்கினேன்.

ஆஸ்பென் தோப்பில் பச்சை டார்ச்சை அடித்தேன். கடவுளே! இலைக்கு இலை கருப்புச் சொட்டு. வேலிக் கம்பியின் உச்சியில் ஒரு தீற்றல், மான் தாண்டின இடம். இத்தனை வருஷமும் என் காலடியில் இவ்வளவு கிடந்ததா? அடையாளத்துக்குச் சொட்டுக்கொரு டிஷ்யூ காகிதம் வைத்துக்கொண்டே போனோம்.

ஓக் மரங்களுக்கு அடியில் நின்றுவிட்டேன். அங்கே இலையே கருப்பு. எல்லாம் கருப்பு. மணி பதினொன்றரை. லைல் பின்னாலிருந்து, "என்ன மச்சான், எந்தப் பக்கம்?" என்றான். ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டியிருக்கலாம். போன வருஷத்து மான் கண்ணில் வந்தது.

"எனக்குச் சிவப்பு தெரியாதுடா. பொறந்ததுலேர்ந்தே."

லைல் முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தான். அப்புறம், "அடப்பாவி! பதினாலு வருஷமா ஒன்னா வேட்டைக்கு வரோம். இதச் சொல்ல ஒரு மானு சாகணுமா?"

திட்டிக்கொண்டே முட்டி போட்டு, காஸ் விளக்கைத் தரையோடு தரையாகச் சரித்துப் பிடித்தான். "நிறம் கிடக்கட்டும். ஈரம் தெரியுதா பாரு."

நானும் மண்டியிட்டேன். தெரிந்தது. இருட்டான இலைகளில் பொடிப்பொடியாக மினுக்கம், பள்ளத்தை நோக்கி. தவழ்ந்தே போனோம், இரண்டு கிழட்டுக் கழுதைகள்.

விழுந்த மரத்தின் பக்கத்தில் படுத்திருந்தது. கண் திறந்திருந்தது. உயிர் இல்லை, உடம்பில் சூடு இருந்தது. அந்த ஈரலோடு ஐந்நூறு அடி ஓடி, வேலி தாண்டி, இங்கே வந்து படுத்திருக்கிறது. தொப்பியைக் கழற்றினேன். லைலும் கழற்றினான். முதல் தூறல் அதன் முதுகில் விழுந்தது.

அக்டோபர் 26, சனி

இருட்டியதும் லைல் போனில் கூப்பிட்டான். ஆஸ்பென் தோப்புப் பக்கம் ஒரு ஆண்மானை அடித்துவிட்டானாம், தடம் பாதியில் விட்டுப்போச்சாம். ஊரில் தேடத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள்; கூப்பிட்டது என்னை.

"வா மச்சான். நீ முன்னாடி நட, நான் பின்னாடி வரேன்."

பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.