மலையில் பெண் எடுத்தவர்கள்

சேலம்,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தங்கை கோகிலாவுக்கு,

நான் நலம். அங்கே அப்பா, அம்மா, நீ எல்லோரும் நலம்தானே. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் ஊரில் சிக்னல் கிடைப்பது பாறை மேல் மட்டும். நீ அங்கே நின்று பேசினால் ஊரே காது கொடுக்கும். அதனால் எழுதுகிறேன். காவேரி டீச்சர் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மேலே வரும்போது கையில் தருவார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

சுற்றி வளைக்கவில்லை. உன்னைப் பேசி முடித்திருக்கும் பிரபாகர் வீட்டுக்குப் போய் வந்தேன்.

யார் என்று சொல்லாமல் போனேன்.

என் வேலை உனக்குத் தெரியும். எங்கள் பேராசிரியரின் ஆய்வு. சித்தேரி மலை ஊர்களையும் கீழே அரூர்ப் பக்கத்து ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. யார் வீட்டில் என்ன இருக்கிறது, யார் எதுவரை படித்தார்கள், யாருக்கு எத்தனை பிள்ளைகள். மலையில் நம் ஆட்களே என்னை நம்புவதில்லை. "என்னாத்துக்கு எழுதற? எங்க சாதிச் சான்றுக்கு வேட்டு வைக்கறதுக்கா?" என்று ஒரு மாமா கேட்டார். கீழ்நாட்டில் அப்படி இல்லை. நாற்காலி போடுகிறார்கள். காபி தருகிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் சேலம் என்பேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

மேட்டுக்கொட்டாய் எங்கள் ஆய்வில் இருக்கும் ஊர். தரகர் கொண்டுவந்த இடமும் அதே ஊர் என்று அம்மா சொன்னதும், அந்தத் தெருவை எனக்குக் கொடுங்கள் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீடு நல்ல வீடு. டைல்ஸ் தரை. போர் தண்ணீர். கறவை மாடுகள். வாசலில் பிரபாகர் ஓட்டும் குட்டியானை, புளி ஏற்ற நம் மலைக்கு வரும் அதே வண்டி. நம் வீட்டில் இல்லாதது எல்லாம் அங்கே இருக்கிறது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். அவன் குனிந்து டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு பார்க்கவில்லை.

அவன் அம்மா பெயர் மாதம்மாள். எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணு. இவந்தான்." யோசிக்காமல் சொன்னார். பையனுக்குப் பெண் பார்த்தாயிற்றா என்றேன். "பாத்தாச்சு. மேல." கையைத் தூக்கி மலையைக் காட்டினார். ஊர்ப் பெயர் சொல்லவில்லை. பக்கத்தில் பெண் கிடைக்கவில்லையா என்றேன். "பக்கத்துல எங்க கண்ணு இருக்குது? இந்தத் தெருவுலயே சுத்திப் பாரு. முப்பதத் தாண்டுனவனுங்க எத்தன பேரு மீசைக்கு மை பூசிக்கிட்டுத் திரியறானுங்கன்னு." சிரித்தார். நானும் சிரித்தேன். தெருவில் இறங்கி நடந்தபோது அந்தச் சிரிப்பு வாயில் கசந்தது.

இரண்டு வீடு தள்ளி ஒரு மருமகள். பெயர் தேவிப்பிரியா என்று மாமியார் சொன்னார். நான் மருமகளிடம் கேட்ட எல்லாவற்றுக்கும் மாமியாரே பதில் சொன்னார். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில், நம் மலைப் பேச்சில் எந்த ஊர் என்று கேட்டேன். அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள். பிறகு என்னை. "என் பேரு செல்லி" என்றாள். கேட்டது ஊர். சொன்னது பெயர். அதற்குள் மாமியார் வந்துவிட்டார். "செல்லின்னு கூப்புட்டா தெருவே சிரிக்கும். அதான் மாத்திட்டோம்." தாய்வீட்டுக்கு எப்போது போவாள் என்றேன். "அங்க போய் என்னா பண்ணப் போறா? சும்மாவா வந்தா? நாங்க குடுத்துல்ல கூட்டியாந்தோம்."

கோகிலா, அப்பா பெருமையாகச் சொல்கிறாரே. 'கீழ்நாட்டுக்காரங்க நம்ம முறைய மதிச்சுப் பரியம் குடுத்தாங்க, சீர் செனத்தின்னு ஒரு வார்த்த கேக்கல' என்று. நம் பரியம் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்காக ஊர்க்கவுண்டர் முன்னால் தட்டில் வைக்கும் பணம். பெண் மனம் மாறித் திரும்பினால் அதே ஊர்க்கவுண்டர் முன்னால் திருப்பி வைப்பது. அதோடு அவளுக்குச் சுதந்திரம். ராமக்காள் அத்தை அப்படித்தான் திரும்பி வந்தாள், வேறு கல்யாணம் செய்துகொண்டாள், இன்றைக்கும் எல்லா விசேஷத்திலும் முன்னால் நிற்கிறாள். ஆனால் அப்பா தரகர் கையிலிருந்து வாங்கிவிட்டார். ஊர்க்கவுண்டர் உட்காரவில்லை. ஒரே பணம்தான். நமக்கு அது மரியாதை. அவர்களுக்கு அது விலை. திருப்பி வைக்க ஒரு இடம் இல்லாத பரியம் வேறு என்ன?

இன்னொன்று. எங்கள் அட்டவணையில் ஏறக்குறைய எல்லா வரியிலும் கீழ்நாடு முன்னால். ரோடு, பள்ளி, கக்கூஸ், வண்டி, நிலம், வேலை. ஒரு வரியில் மட்டும் நாம் முன்னால். ஐந்து வயதுக்குள் ஆண் குழந்தைகளுக்கு ஈடாக இருக்கும் பெண் குழந்தைகள். பேராசிரியர் அந்த இடத்தில், மலைமக்கள் பெண்மையைப் போற்றுபவர்கள் என்று எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை. நாம் எங்கே போற்றுகிறோம்? விறகு சுமக்க வைக்கிறோம், தண்ணீர் சுமக்க வைக்கிறோம். ஆனால் பிறக்க விடுகிறோம்.

அந்த வரியையும் அந்தத் தெருவின் மை பூசிய மீசைகளையும் சேர்த்துப் பார். அவசரப்படாதே.

உன் நன்மையை விரும்பும்
அக்கா மேனகா

*

சித்தேரி மலை,
புதன்.

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பயம் வந்தது. இரண்டாம் தடவை கோபம்.

நீ என் மாமியார் வீட்டுக்குக் கேள்வி கேட்கிறவளாகப் போயிருக்கிறாய். என் அக்காவாகப் போகவில்லை. காபியைக் குடித்துவிட்டு அவர்களைச் சந்தேகப்பட்டு எழுதியிருக்கிறாய்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். நீ யார் என்று பிரபாகருக்குத் தெரியும். போன வாரம் புளி ஏற்ற வந்தபோது அவரே சொன்னார். "உங்கக்கா வந்து எங்கம்மாவப் பேட்டி எடுத்துட்டுப் போச்சு. மூஞ்சப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு, உன் மூக்கு அப்படியே இருக்குது. நான் காட்டிக்கல. அவங்களுக்குச் சங்கடமாப் போயிரும்னு." சொல்லிவிட்டுச் சிரித்தார். நீ இதையும் சந்தேகப்படுவாய் என்று எனக்குத் தெரியும். ஏன் மறைத்தான் என்று கேட்பாய். நீ ஏன் மறைத்தாய்?

நீ அட்டவணை போட்டுப் பார்ப்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஊற்று வற்றினால் பள்ளத்துக்கு இறங்க வேண்டும். போன மாசம் பக்கத்து வீட்டு அக்காவைப் பிரசவத்துக்கு ஜீப்பில் இறக்கினார்கள். அரூர் போய்ச் சேருவதற்குள் குழந்தை இல்லை. பிறக்க விடுகிறோம் என்று எழுதியிருக்கிறாய். எல்லாம் பிறக்கவில்லை அக்கா.

பத்தாவது முடித்ததும் நீ ஹாஸ்டலுக்குப் போனாய். அந்த வருஷம்தான் அம்மாவுக்கு இடுப்பு போனது. ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. நான் இருந்தேன். உன்னைக் குறை சொல்லவில்லை. நீ மலையிலிருந்து இறங்கியபோது உன்னை யாரும் சந்தேகப்படவில்லை. நான் இறங்கும்போது மட்டும் ஏன் இவ்வளவு கேள்வி? உனக்குக் கிடைத்தது படிப்பு. எனக்குக் கிடைத்தது குட்டியானை. இரண்டும் கீழேதான் போகிறது.

ஆனால் செல்லியைப் பற்றி எழுதியிருந்ததை நினைத்து இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. அதையும் மறைக்கவில்லை.

அதனால் இன்று காலை மறுபடியும் புளி ஏற்ற வந்த பிரபாகரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிட்டேன். என் பெயரை மாற்றக் கூடாது. பரியத்தை மறுபடியும் தட்டில் எடுத்து வந்து ஊர்க்கவுண்டர் முன்னால் வைக்க வேண்டும், திரும்பி வருகிற பேச்சையும் அவர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். முதலுக்கு உடனே சரி என்றார். கோகிலான்னா எங்க ஊருல யாரும் சிரிக்க மாட்டாங்க என்றார். இரண்டாவதைக் கேட்டதும் வண்டிப் பக்கம் திரும்பினார். தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம், "அம்மாவக் கூட்டியாரேன்" என்றார்.

அப்பா தரகரிடம் வாங்கியதை எடுத்துத் தர ஒத்துக்கொண்டார். முணுமுணுத்துக்கொண்டேதான். 'குடுத்ததத் திரும்பக் குடுத்து, மறுபடியும் வாங்கறதா? கூத்தா நடக்குது?' என்று. வருகிற ஞாயிறு வருகிறார்கள். நீயும் வா. நாற்காலியைத் தேடாமல் பாயில் உட்கார்.

இப்படிக்கு உன் தங்கை
கோகிலா

*

சேலம்,
செவ்வாய்.

அன்புக் கோகிலாவுக்கு,

சேலத்துக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பேருந்து கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதெல்லாம் உன் கடிதம்தான் நினைவில் வந்தது. நீ எழுதியது எல்லாம் சரி. ஹாஸ்டல் பற்றி எழுதியது ரொம்பவும் சரி.

ஞாயிற்றுக்கிழமை நீ உள்ளே பெண்களோடு இருந்தாய். வெளியே நடந்ததை முழுதாகப் பார்த்திருக்க மாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

ஊர்க்கவுண்டர் முறைப்படி சொன்னார். பெண் மனம் மாறி வந்தால் பரியம் திரும்பும், பகை இல்லை, அவள் எப்போதும் போல நம் ஊர்ப் பெண்ணாகவே இருப்பாள் என்று. மாதம்மாள் முகம் சுருங்கிவிட்டது. "வாங்கறப்பவே திருப்பித் தர்ற பேச்சா? கல்யாணத்துக்கு முன்னாடியே அபசகுனமா?" என்றார். ஊர்க்கவுண்டர் வெற்றிலை மென்றுகொண்டே, "அபசகுனம் இல்லீங்க ஆத்தா. எங்க பொண்ணுங்க கட்டாயத்துல ஒரு வூட்டுல இருக்கறாங்கன்னு உங்கள யாரும் பேசக் கூடாது பாருங்க. உங்க மானத்துக்குத்தான் சொல்றது" என்றார். கூட்டம் சிரித்தது. பிரபாகர் சிரிக்கவில்லை. தலை குனிந்தபடி, "சொல்லுங்க, கேட்டுக்கறோம்" என்றான். மூன்று முறை சொன்னார்கள். மூன்று முறையும் கேட்டான்.

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவனா, நல்லவன்போல் இருக்கத் தெரிந்தவனா. தெரியவில்லை. கேள்வி கேட்டே பழகியவளுக்கு மனிதர்களைப் பார்க்கத் தெரியாமல் போய்விடுகிறதோ.

இனி எழுதப்போவதை அப்பா அம்மாவிடம் சொல்லாதே.

அவர்கள் கிளம்பும்போது மாதம்மாள் வண்டியில் ஏறவில்லை. முன் சக்கரத்துப் பக்கம் நிழலில் நின்றார். கையசைத்து என்னைக் கூப்பிட்டார். "நீதான அன்னிக்கு எழுதிக்கிட்டுப் போனவ" என்றார். ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"எத்தன பெத்தன்னு கேட்ட. ஒண்ணுன்னு சொன்னேன்."

ஆமாம் என்றேன்.

"அத மாத்திக்கோ."

எத்தனை என்று மாற்ற? கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே பெண்கள் பாடிக்கொண்டிருந்த பக்கம், நீ இருந்த பக்கம், கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க மாமியாக்காரி காலம் அது" என்றார். பிறகு, "இப்பல்லாம் அப்படி இல்ல. எல்லாம் மெஷினு" என்றார். வண்டியில் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து அந்த இரண்டு வாக்கியங்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். முதல் வாக்கியத்தில் பெற்ற பெண் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இருக்கிறாள், அழுகிறாள். இரண்டாவதில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. என்னை எச்சரித்தாரா? தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாரா? ஊர் நடப்பைச் சொன்னாரா? அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. பால் விலை சொல்வதுபோலச் சொன்னார்.

இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதினால் அந்த வீட்டில் நீ குடிக்கும் முதல் காபியிலேயே சந்தேகத்தைக் கலந்துவிடுவேன். எழுதாவிட்டால் இன்னொரு மலைப் பெண் எதுவும் தெரியாமல் அந்தத் தெருவுக்குள் போவாள். நீ தெரிந்தே போகிறாய். தெரிந்து போகிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கட்டும்.

கல்யாணத்தை நிறுத்து என்று இனி சொல்ல மாட்டேன். முகூர்த்தத்துக்கு முந்தைய நாளே வந்துவிடுவேன். உனக்கு எடுத்த சேலை வாடாமல்லி நிறம். மாதம்மாளுக்கும் ஒன்று எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கடைக்காரர் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அக்காவாகக் கேட்கிறேன். நல்ல சேதி வந்ததும் ஊருக்கெல்லாம் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல். மூன்றாம் மாசமோ நாலாம் மாசமோ, யாராவது அன்பாக, சும்மா ஒரு டாக்டரம்மாவைப் பார்த்து ஸ்கேன் எடுத்துவிட்டு வரலாம், தூரமில்லை, சாயந்திரத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கூப்பிட்டால், பிரபாகரே கூப்பிட்டாலும், வண்டியில் ஏறாதே. தலைசுற்றுகிறது என்று சொல். வாசலில் உட்கார்ந்துகொள். எனக்குப் போன் செய். நான் வருகிறேன். அரூர் அரசு ஆஸ்பத்திரிக்கு நானே உன்னைக் கூட்டிப் போகிறேன். எத்தனை தடவை வேண்டுமானாலும். என் சந்தேகம் பொய்யாகிப்போனால், ஊர் முன்னால் உன் மாமியார் காலில் விழுகிறேன், நீ சிரித்துக்கொள்.

பொய்யாகிப்போக வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் நல்லபடியாக வாழ வேண்டும். உன் வீட்டில் எது பிறந்தாலும் பிறக்க வேண்டும்.

என்றும் உன்
அக்கா மேனகா